லிமிட் போட்டா சேஃப் தானேன்னு ஒரு தம்பி கேட்டான்

போன வாரம் கம்பெனி கேன்டீன்ல டீ குடிச்சிக்கினு இருக்கும்போது எங்க செக்ஷன் தம்பி ஒருத்தன் பக்கத்துல வந்து ஒக்காந்து மெதுவா கேட்டான், "ணா, ஆன்லைன் கேசினோல லிமிட் வச்சிக்கினு ஆடலாமாமே, டெபாசிட் லிமிட் போட்டுட்டா சேஃப் தானே?" அவனுக்கு 24 வயசு. அவன் ஃபோன் ஸ்கிரீன்ல தெரிஞ்ச கலர பாத்ததுமே எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சி. அன்னிக்கி பஸ்ஸு வர நேரம்னு பாதி தான் சொன்னேன், மீதிய இங்க எழுதுறேன், அவன மாதிரி இன்னும் எத்தன பேரு இத கேட்டுக்கினு இருக்காங்களோ.

நான் ராணிப்பேட்ட சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனில ஸ்டோர்ஸ் பாக்குறேன், வீடு வேலூர் சத்துவாச்சாரி. சம்பளம் 26,000. 2023ல ரம்மி ஆப்ல ஆரம்பிச்சேன், கம்பெனி பஸ்ல போற வர நேரத்துல 50 ரூபா டேபிள், 100 ரூபா டேபிள்னு. ரெண்டு வருஷத்துல 1,12,000 போயிருக்கு, அது அப்போ எனக்கு தெரியாது, பின்னாடி ஸ்டேட்மென்ட் எடுத்து எண்ணும்போது தான் தெரிஞ்சுது.

2025 பிப்ரவரில தமிழ்நாடு அரசு ஒரு விதி கொண்டாந்தாங்க, ராத்திரி 12 மணிலேந்து காலைல 5 மணி வரைக்கும் காசு கட்டி ஆடுற கேம்ல லாகின் பண்ண முடியாது, ஆதார் ஓடிபி போட்டு தான் உள்ள போவணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனா அரமணிக்கு ஒருக்கா எவ்ளோ நேரம் எவ்ளோ காசுன்னு எச்சரிக்கை வரணும், நாளுக்கு வாரத்துக்கு மாசத்துக்குன்னு டெபாசிட் லிமிட் வைக்கணும்னு. கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, ஜூன் மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்டு அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சி. உண்மையா சொல்றேன், அந்த மாசங்கள்ல நான் ராத்திரில தூங்குனேன். என் மனசு மாறல, கதவு மூடியிருந்துச்சி அவ்ளோ தான். அந்த வித்தியாசம் எனக்கு அப்போ புரியல.

அப்புறம் ஆகஸ்ட் 2025ல மத்திய அரசு சட்டம் வந்துச்சி, காசு வச்சி ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் தடை, நடத்துறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், விளம்பரம் பண்ணாலும் தண்டனை, பேங்க் அதுக்கு காசு அனுப்பவும் கூடாது. எல்லா பெரிய ஆப்பும் காசு ஆட்டத்த நிறுத்திட்டாங்க. என் வாலெட்ல இருந்த 640 ரூபா கூட திரும்பி வந்துடுச்சி. எங்க வீட்டுக்காரிகிட்ட "இனிமே இல்ல"ன்னு சொன்னேன், சொல்லும்போது நெஜமா தான் சொன்னேன்.

ஒரு மாசம் கூட தாங்கல. டெலிகிராம்ல யாரோ ஒரு குரூப்ல சேத்து விட்டாங்க. ரூலெட், பட்டன அமுக்குனா படம் சுத்துற ஸ்லாட், லைவ் டீலர், விமானம் மேல போய்க்கினே இருக்கும் வெடிக்கறதுக்குள்ள காச எடுக்கணும்னு ஒரு ஆட்டம், எல்லாம் வெளிநாட்டு சைட்டு. கேஒய்சி கிடையாது, ராத்திரி பகல் கிடையாது. இதுல கொடும இன்னான்னா, அந்த சைட்டுலயும் கீழ பொறுப்பா விளையாடுங்கன்னு ஒரு பக்கம் இருந்துச்சி. டெபாசிட் லிமிட், நஷ்ட லிமிட், டைம் லிமிட், சின்ன பிரேக், சுயமா வெளியேறுறதுன்னு எல்லாமே பட்டியல் போட்டு வச்சிருந்தாங்க. நானும் யோக்கியமா வாரத்துக்கு 1,000 ரூபான்னு லிமிட் போட்டேன்.

அந்த லிமிட் மூணு நாள் கூட நிக்கல. ஒழுங்கா கண்காணிப்பு இருக்குற நாடுங்கள்ல லிமிட்ட கொறைச்சா ஒடனே கொறையும், ஏத்தணும்னா காத்திருக்கணும், அந்த காத்திருப்பு தான் மருந்தே, சூடு ஆறுறதுக்கு. இங்கிலாந்துல இன்னும் ஒரு படி மேல, கேம்ஸ்டாப்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஒரு தடவ பேர குடுத்துட்டா அங்க லைசென்ஸ் வாங்குன எல்லா சைட்டும் உங்கள உள்ள விடக்கூடாது, கிரெடிட் கார்டுல சூதாடறதையே 2020ல நிறுத்திட்டாங்க. நான் ஆடுன சைட்டுல சாட்ல ஒரு வரி டைப் பண்ணேன், லிமிட்ட 20,000 ஆக்குங்கன்னு. ரெண்டே நிமிஷம். தேங்க்யூ சார்னு ஒரு பூ படம் வேற. அடுத்த மாசம் அக்கவுண்ட்ட மூடுங்கன்னு கெஞ்சி எழுதுனேன், அதுக்கு வந்த பதில் 3,000 ரூபா போனஸ். அந்த போனஸ வெளிய எடுக்கணும்னா 30 மடங்கு பந்தயம் கட்டணும், அதாவது 90,000 ரூபாய்க்கு ஆடி முடிக்கணும். நான் ஆடுனேன். தீபாவளி போனஸு அந்த ஒரே ராத்திரில போச்சி. புள்ளைக்கு டிரெஸ் எடுக்க லாங் பஜாருக்கு போலாம்னு சொல்லி வச்சிருந்தேன், காய்ச்சல்னு பொய் சொல்லி படுத்துக்கினேன்.

கணக்கு ஒன்னு சொல்றேன் பாருங்க, நான் ஸ்டோர்ஸ்ல நாள் பூரா கணக்கு எழுதறவன், இத ஏன் முன்னாடியே போட்டு பாக்கலன்னு இன்னிக்கும் வலிக்குது. ஒரே சைபர் இருக்குற ரூலெட் சக்கரத்துல மொத்தம் 37 கட்டம், ஒரு நம்பர்ல கட்டி ஜெயிச்சா லாபம் 35 மடங்கு, கட்டுன காசோட சேத்து 36 மடங்கு தான் குடுப்பாங்க, அந்த இடைவெளி தான் அவங்க லாபம், நூத்துக்கு 2.7 ரூபா. ஸ்லாட்ல 96 சதவீதம் திரும்பி வரும்னு எழுதியிருப்பாங்க, 1,000 போட்டா 960 வரும்னு நெனச்சிக்கினோம் இல்லையா, அப்டி இல்ல. அது ஒவ்வொரு சுத்துக்கும். 20 ரூபா வச்சி நிமிஷத்துக்கு 10 தடவ அமுக்குனா ஒரு மணி நேரத்துல 600 சுத்து, 12,000 ரூபா பந்தயம் கட்டியிருப்போம், அதுல நாலு சதவீதம்னா சராசரியா மணிக்கு 480 ரூபா போவும், என் சம்பளத்துல அரை நாள் கூலிக்கு மேல. அதுவும் அந்த 96 உண்மைன்னா தான். லைசென்ஸே இல்லாத சைட்டுல யாரு போய் செக் பண்றது.

இப்போ மெயின் விஷயம். அந்த சைட்டுல காசு கட்டும்போது ஒவ்வொரு தடவையும் வேற வேற யூபிஐ ஐடி வரும், ஒரு நாள் ஏதோ ஸ்டேஷனரி கடை பேரு, ஒரு நாள் யாரோ ஒரு பொம்பள பேரு. எல்லாம் வாடகைக்கு வாங்குன அக்கவுண்ட்டு. ஜெயிச்ச காசு வர்றதும் அப்டி தான், முன்ன பின்ன தெரியாதவங்க அக்கவுண்ட்லேந்து. அக்டோபர் கடைசில எனக்கு 8,500 வந்துச்சி. கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி வாரம் பெட்ரோல் பங்குல யூபிஐ போட்டேன் ஃபெயில், ஏடிஎம்ல ஃபெயில், பேங்குக்கு ஓடுனா "உங்க அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிருக்கு, வேற மாநில சைபர் கிரைம்லேந்து வந்துருக்கு"ன்னாங்க. யாரையோ ஏமாத்தி எடுத்த காசு அந்த வாடகை அக்கவுண்ட் வழியா எனக்கு வந்திருக்கு. நான் ஜெயிச்சேன்னு சந்தோஷப்பட்ட 8,500 இன்னொருத்தரு வயித்தெரிச்சல். என் சம்பள அக்கவுண்ட்டு மொத்தமா நின்னுபோச்சி.

போலீசுக்கு போவ பயம், ஏன்னா தமிழ்நாட்டு சட்டத்துல சூதாடுனவனுக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம்னு இருக்கு. வீட்ல சொல்லவும் பயம், எங்க வீட்டுக்காரி 3 சவரன் செயின சீட்டு கட்டணும்னு சொல்லி வாங்கி 1,80,000க்கு அடகு வச்சிருந்தேன், அது போவ 1,50,000 பர்சனல் லோன். ரெண்டு நாள் சரியா சாப்புடல. மூணாவது நாள் குடியாத்தம் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு போயிட்டேன்.

அக்கா தையல் மெஷின்ல ஒக்காந்திருந்துச்சி. எல்லாத்தையும் சொன்னேன். திட்டும்னு நெனச்சேன், திட்டல. ரொம்ப நேரம் கழிச்சி "இன்னாடா இவ்ளோ நாளு ஒத்தையா சொமந்துக்கினு கீற"ன்னு சொல்லிச்சி. நான் ஒடஞ்சிட்டேன். மாமா தான் எழுந்து போய் ஒரு நோட்டு எடுத்துக்கினு வந்தாரு, "அழுவறது அப்புறம், மொதல்ல எவ்ளோன்னு எழுது"ன்னாரு. ஸ்டேட்மென்ட்ட ஃபோன்ல எறக்கி ஜெராக்ஸ் கடைல பிரின்ட் போட்டு, மஞ்ச பேனால ஒவ்வொரு வரியா கோடு போட்டோம். கேசினோல மட்டும் ரெண்டு மாசம் சொச்சத்துல 3,24,000. ரம்மியோட சேத்து 4,36,000. அந்த நம்பர பாக்காம எந்த லிமிட்டும் வேல செய்யாதுன்னு நான் நம்புறேன், ஏன்னா அதுவரைக்கும் என் மனசுல இருந்த நம்பரு "ஒரு ஒன்ற லட்சம் இருக்கும்".

அன்னிக்கி சாயங்காலமே மாமா கூடவே வந்து எங்க வீட்டுக்காரிகிட்ட ஒக்காந்து சொன்னோம். அத பத்தி நான் எழுத மாட்டேன், அது அவ வலி.

அதுக்கப்புறம் செஞ்சது எல்லாத்துலயும் ஒரே விஷயம் தான், பூட்டு நான் போட்டாலும் சாவி என்கிட்ட இருக்கக் கூடாது. சம்பளத்துக்கு கம்பெனில சொல்லி புதுசா வேற பேங்க்ல ரெண்டு பேர் பேர்லயும் ஜாயின்ட் அக்கவுண்ட்டு, அதுல யூபிஐ கிடையாது, டெபிட் கார்டுல ஆன்லைன் பரிவர்த்தன ஆஃப். இது எல்லா பேங்க் ஆப்லயும் இருக்கு, ரிசர்வ் பேங்க் 2020லயே கார்டுக்கு ஆன் ஆஃப் வசதியும் லிமிட் வசதியும் கட்டாயம் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க, நமக்கு தான் தெரியாது. என் செலவுக்கு தனி அக்கவுண்ட்டு, வாரத்துக்கு 1,000 ரூபா அவ போட்டு விடுவா, அதுல மட்டும் யூபிஐ. ஒடனே கடன் தர்ற ஆப் எல்லாம் தூக்கியாச்சி, ஏன்னா கையில காசு இல்லன்னாலும் அஞ்சு நிமிஷத்துல 10,000 தர்றவன் இருக்குற வரைக்கும் மத்த பூட்டு எல்லாம் வீண்.

ஃபோனுக்கு, பெட்பிளாக்கர்னு ஒரு ஆப், காசு கெடையாது, சூதாட்ட சைட்டுங்கள நாம சொல்ற காலத்துக்கு தடுத்துடும், நடுவுல மனசு மாறுனாலும் சுலபமா எடுக்க முடியாது. ஆனா புது புது லிங்க் தெனமும் வருது, எல்லாத்தையும் அது புடிக்கும்னு நம்பி இருக்காதீங்க. அதனால புது ஆப் ஏத்தறதுக்கு பின் நம்பர் லாக்கு, அந்த பின்ன அக்கா போட்டுச்சி, எங்க வீட்டுக்காரிக்கு கூட தெரியாது, ஏன்னா அவகிட்ட கெஞ்சுனா குடுத்துடுவான்னு எனக்கே தெரியும். டெலிகிராம்ல குரூப்ல என்ன யாரு சேக்கலாம்னு ஒரு செட்டிங் இருக்கு, அத நம்ம கான்டாக்ட் மட்டும்னு மாத்தணும், இந்த ஒன்ன மாத்துனதுமே பாதி தொல்ல நின்னுச்சி. வாட்ஸ்அப்லயும் அதே மாதிரி.

மனசுக்கு, 14416க்கு போன் பண்ணேன், டெலி மானஸ்னு கவர்ன்மென்ட் மனநல ஹெல்ப்லைன், காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுனாங்க. பேர கூட அழுத்தி கேக்கல. அங்க பேசுன அப்புறம் தான் அடுக்கம்பாறை கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில மனநல ஓபி சீட்டு போட தைரியம் வந்துச்சி. டாக்டரம்மா எவ்ளோ விட்டீங்கன்னு கேக்கல, "விட்டத புடிக்கணும்னு எத்தன தடவ திரும்பி போனீங்க"ன்னு கேட்டாங்க. எல்லா தடவையும் அதுக்கு தான் மேடம்னேன். இது நோயி, உலக சுகாதார நிறுவனத்தோட நோய் பட்டியல்லயே இருக்கு, கெட்டவன்னு அர்த்தம் இல்லன்னாங்க. ஆசை வரும்போது அது அல மாதிரி ஏறும், ஒரு இருபது முப்பது நிமிஷம் வேற எதுலயாவது நின்னுட்டா எறங்கும்னு சொன்னாங்க. எனக்கு அது சம்பள நாள் ராத்திரி வரும். அந்த நேரத்துல ஃபோன வீட்ல வச்சிட்டு நடக்க போயிடுவேன், மொத மாசம் ரெண்டு கிலோமீட்டர் நடந்தும் கை அரிச்சிக்கினே இருந்துச்சி, பொய் சொல்ல விரும்பல.

ஃப்ரீஸ் ஆன அக்கவுண்ட்டு, பேங்க்ல கம்ப்ளைன்ட் நம்பரையும் எந்த ஸ்டேஷன்னும் எழுதி வாங்குனோம், மாமாவுக்கு தெரிஞ்ச வக்கீல கேட்டுட்டு, நடந்தத நடந்தபடியே ஒளிக்காம எழுதி, ஸ்டேட்மென்ட், சம்பள சிலிப் வச்சி அந்த அதிகாரிக்கு மெயில் அனுப்பினோம். அந்த 8,500அ மட்டும் நிறுத்தி வச்சிக்கினு மீதிய பொங்கல் முடிஞ்சி தான் விட்டாங்க. கிட்டத்தட்ட ஏழு வாரம். இதுக்கு நடுவுல "உங்க கேசினோ காச மீட்டுத் தரோம், 2,000 கட்டுங்க"ன்னு மூணு போன் வந்துச்சி, அதுவும் அதே கூட்டம் தான், விட்டவங்க லிஸ்ட அவங்களுக்குள்ள வித்துக்குறாங்கன்னு நெனைக்கிறேன். அப்டி யாராவது கூப்ட்டா காசு கட்டாதீங்க, ஏமாந்துட்டா ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ காச நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

ஆக தம்பி கேட்டதுக்கு பதில், அந்த சைட்டுக்குள்ள இருக்குற லிமிட்டு சேஃப் இல்லடா. அது கட தொறந்து வச்சிருக்கறவன் கையில இருக்குற பூட்டு. உன் பேங்க்ல போடு, உன் ஃபோன்ல போடு, சாவிய வீட்ல உனக்கு பயமும் பாசமும் ரெண்டும் இருக்குற ஆள்கிட்ட குடு. யாரும் இல்லன்னா என்கிட்ட குடு, நான் வச்சிக்கிறேன், நெஜமா தான் சொல்றேன்.

செயின் இன்னும் திருப்பல, வட்டி மட்டும் கட்டிக்கினு வர்றோம், லோனு இன்னும் 19 தவண இருக்கு. போன மாசம் என் ஃபோன் கீழ விழுந்து டிஸ்ப்ளே போச்சி, புதுசு வாங்க வேண்டியதாச்சி. கடைக்காரர் சிம்ம போட்டு ஆன் பண்ணி தரேன்னாரு, வேணாம்ணா டப்பாவோட குடுங்கன்னு வாங்கிக்கினு நேரா குடியாத்தம் பஸ் ஏறிட்டேன். அக்கா கண்ணாடிய மாட்டிக்கினு பின் நம்பர் போட்டுச்சி, நான் வாசப்படில திரும்பி ஒக்காந்திருந்தேன், அதுக்கப்புறம் தான் சிம்ம போட்டேன்.