பேட்டரி கிரிப்: நான்கு மாதம் கையில் பிடித்துப் பார்த்தது

மாசி மாதம் முத்தூர் பக்கம் நடந்த ஒரு வள்ளிக்கும்மி அரங்கேற்றத்தில்தான் இது தொடங்கியது. சித்தி மகள் ஆடினாள். "மொத பாட்டுல இருந்து வள்ளி கல்யாணம் வரைக்கும் ஒண்ணு விடாம எடுக்கோணுமுங்ணா" என்று இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தாள். என் நிகான் டி7200-ஐ முக்காலியில் வைத்து, பாட்டுக்குப் பாட்டு தனித்தனி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நன்றாகச் சூடேறி, வள்ளியை முருகன் கைப்பிடிக்கும் பாட்டு ஆரம்பித்ததும் பேட்டரி தீர்ந்தது. மாற்றுப் பேட்டரி சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனால் பேட்டரி மூடி கேமராவுக்கு அடியில், முக்காலித் தகட்டுக்குள் மறைந்துகிடந்தது. தகட்டைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, திரும்ப மாட்டி நிமிர்வதற்குள் பாட்டில் பாதி போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை.

இந்தக் கேமராவுக்கு முழுச் சார்ஜில் 1,110 படம் என்று நிகான் கணக்குச் சொல்கிறது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் படம் எடுப்பவருக்கு அது தாராளம். வீடியோ வேறு கதை. சென்சாரும் பின்திரையும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி கண்முன்னால் இறங்கும். அதனால் பேட்டரி கிரிப் வாங்குவதென்று முடிவு செய்தேன். கேமராவுக்கு அடியில் திருகி மாட்டும் பிடி அது; உள்ளே இன்னொரு பேட்டரி போடலாம், நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுக்கத் தனி ஷட்டர் பொத்தானும் இருக்கும்.

விசாரித்தபோது பலரும் சொன்னது, "கிரிப் போட்டா கேமரா வேகம் கூடுமுங்க" என்பது. எல்லாக் கேமராவுக்கும் அது பொருந்தாது. நிகான் டி700-இல் எம்பி-டி10 கிரிப்பைப் போட்டு, அதற்கேற்ற பேட்டரியையும் போட்டால் நொடிக்கு 5 படம் 8 ஆகும். டி850-இல் 7 என்பது 9 ஆகும், அதற்கும் பெரிய பேட்டரி வேண்டும். டி7200-க்கு எந்தக் கிரிப் போட்டாலும் அதே 6 படம்தான். வேகத்துக்காக வாங்குகிறவர்கள் தங்கள் கேமராவுக்கு அது உண்டா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வாங்கியது வேறு நிறுவனம் செய்த மலிவுக் கிரிப், 2,200 ரூபாய். மாட்டிய அன்றே மனசு ஒப்பவில்லை. திருகை எவ்வளவு இறுக்கினாலும் கேமராவுக்கும் கிரிப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. பிடித்து லேசாக முறுக்கினால் அசைந்தது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துவதற்கும் முழுக்க அழுத்துவதற்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியவில்லை. ஃபோகஸ் பிடிக்கலாம் என்று தொட்டால் படமே விழுந்துவிடும். இரண்டு நாள் அணைத்து வைத்துவிட்டு எடுத்தால் உள்ளே இருந்த பேட்டரியில் கால்வாசி காணாமல் போயிருந்தது. பத்து நாளில் திருப்பிக் கொடுத்தேன். மலிவுக் கிரிப் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கடையிலேயே கேமராவில் மாட்டி முறுக்கிப் பாருங்கள், பாதி அழுத்தம் விரலுக்குப் பிடிபடுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பிறகு கோயம்புத்தூரில் ஒருவரிடம் நிகானின் எம்பி-டி15 பழையது கிடைத்தது. கேமரா அடியில் சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால்தான் கிரிப்பின் முனைகள் சேரும். கழற்றிய மூடியைச் செருகி வைக்க கிரிப்பிலேயே ஒரு குழி உண்டு. முந்தினவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தது, பொருளை எப்படிப் பேணியிருக்கிறார் என்பதைக் காட்டியது. கேமராவுக்குள் இருக்கும் பேட்டரி அங்கேயே இருக்கும். கிரிப்பின் தட்டில் இன்னொன்று. மெனுவில் எதை முதலில் செலவழிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். கிரிப்பில் இருப்பது முதலில் என்று வைத்தேன். காரணம், அதன் தட்டை முக்காலியில் இருந்து கேமராவை இறக்காமலே வெளியே இழுத்துவிடலாம். கிரிப் பேட்டரியில் ஓடும்போது மேல்திரையில் 'பிபி' என்ற எழுத்து தெரியும். அது மறைந்தால் தட்டை மாற்ற வேண்டிய நேரம்.

பேட்டரி தகவல் பக்கத்தில் இரண்டு பேட்டரியின் விவரத்தையும் பார்க்கலாம். எத்தனை சதவீதம் மிச்சம் என்பதோடு, பேட்டரியின் வயசும் 0 முதல் 4 வரை எண்ணாகக் காட்டும். 0 புதிது, 4 வந்தால் மாற்ற வேண்டியது. முத்தூரில் காலை வாரிய பேட்டரி 3-இல் நின்றது. கிரிப் வாங்கும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பங்குனியில் மறுபடி ஒரு கும்மி, இந்த முறை வெள்ளகோவில் பக்கம். இந்தக் கலைக்கு இப்போது ஊருக்கு ஊர் கூட்டம். முன்னெல்லாம் ஆண்கள் மட்டும் ஆடியது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து ஆடவைத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்று வீடியோ கடைசிப் பாட்டு வரை ஓடியது. கேமராவுக்குள் இருந்த பேட்டரியைத் தொடவே இல்லை.

ஆனால் நான் எதிர்பார்க்காதது, முக்காலியில் இருந்து இறக்கிக் கையில் எடுத்த பிறகு நடந்தது. கும்மியில் ஆடுபவர் எழுந்து நிமிரும்போது தலைக்கு மேல் கை, கீழே சலங்கை கட்டிய கால். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால்தான் முழு உருவமும் அடங்கும். கிரிப் இல்லாதபோது வலது முழங்கை ஆகாயத்தைப் பார்க்கும், மணிக்கட்டு மடங்கும், பத்து நிமிஷத்தில் தோள் கெஞ்சும். கிரிப்பின் ஷட்டர் பொத்தானைப் பிடித்தபோது இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி நின்றன. 85 மி.மீ. லென்ஸில் மங்கலான விளக்கு வெளிச்சத்தில் என் கை அசைவால் கெட்டுப்போகும் படங்கள் கண்ணெதிரே குறைந்தன. பேட்டரிக்காக வாங்கியது பிடிமானத்துக்காக என்னோடு தங்கிவிட்டது.

ஒரு அமைப்பை அவசியம் மாற்றுங்கள். நான் ஷட்டர் பொத்தானில் அல்லாமல், கேமராவின் பின்பக்கப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் ஃபோகஸ் பிடிப்பவன். கிரிப்பில் உள்ள ஏஈ-எல் பொத்தானுக்கு மெனுவில் தனியாக வேலை ஒதுக்க வேண்டும்; கேமராவில் மாற்றியது கிரிப்புக்குத் தானாக வராது. அதை 'ஏஎஃப்-ஆன்', அதாவது அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும் பொத்தான், ஆக்கும் வரை நெட்டுக்குத்துப் பிடியில் கட்டைவிரல் தடுமாறிக்கொண்டே இருந்தது.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை. காங்கேயம் காளைகள் வரிசையாக நிற்கும் இடம்; மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறம் பார்த்தே நாள் போய்விடும். அங்கே கிரிப்பின் நெட்டுக்குத்துப் பொத்தான் சும்மாவே கிடந்தது. திமிலும் வாலும் சேர்ந்த காளை அகலமான உருவம், அதற்குப் படுக்கைச் சட்டகம்தான். ஒரு மயிலைக் காளைக்காரர் கேட்டார், "ஏனுங் தம்பி, கேமராவுக்கு அடியில தூக்குப்போசியாட்ட என்னமோ இருக்குதுங்களே?" பேட்டரிப் பெட்டி என்றேன். வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கனமாத்தானுங் இருக்குது. நாள் பூரா தூக்கீட்டு நடக்கோணுமே, கை வலிக்காதுங்களா?" அவர் சொன்னது சரி. லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு நெருக்கம். மதியத்துக்குள் கழுத்து இழுத்தது. வெயிலில் உள்ளங்கை வேறு கிரிப்பின் பொத்தானை அழுத்தி, மண்தரையாக ஏழெட்டுப் படம் விழுந்திருந்தது. பொத்தானைச் சுற்றி ஒரு பூட்டு உண்டு; படுக்கைவாட்டில் எடுக்கும்போது அதைப் பூட்டிவிட வேண்டும். அடுத்த சந்தைக்குக் கிரிப் வீட்டில் இருக்கும்.

சிவன்மலையைத் தூரத்தில் இருந்து, படிக்கட்டு விளக்கு எரியும் நேரத்தில், ஷட்டரை 20 நொடி திறந்துவைத்து எடுத்துப் பார்த்தேன். கிரிப்போடு எடுத்த படங்களில் விளக்குகள் லேசாக இரட்டித்தன. கழற்றிவிட்டு எடுத்தவை சுத்தமாக இருந்தன. கேமரா ஒரே திருகை நம்பிக் கிரிப் மேல் நிற்கிறது, கனமும் உயரத்துக்குப் போய்விடுகிறது. காற்றடித்தால் ஆடத்தான் செய்யும். நீண்ட திறப்புக்கு இனிக் கிரிப் கிடையாது.

ஆறு பென்சில் செல் போடும் தட்டும் கூடவே வந்தது. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள் ஆறும் சேர்ந்து 7.2 வோல்ட், நன்றாகவே ஓடின. என்ன வகை செல் என்பதை மெனுவில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்தைத் தப்பாகக் காட்டும். மளிகைக் கடையில் வாங்கிய அல்கலைன் செல்கள் வீடியோவுக்கு வெகுசீக்கிரம் தளர்ந்துபோயின. அதிக மின்சாரம் இழுக்கும்போது அவற்றின் வோல்ட் சட்டென்று இறங்கிவிடும். அவசரத்துக்கு நாலு படம் எடுக்க ஆகும், அவ்வளவுதான்.

இப்போது கும்மிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் கிரிப்பை மாட்டுகிறேன். வயசு 3 காட்டிய பேட்டரியை மாற்றப் புதிதாக ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனியில் சித்தி மகளின் குழு ஊத்துக்குளியில் ஆடுகிறது. அன்று விட்டுப்போன வள்ளி கல்யாணப் பாட்டை இந்தத் தடவை முழுக்க எடுத்துத் தருவதாக அவளிடம் சொல்லியாயிற்று.