குரங்குப்பட்டடைப் பொட்டலில் ஒரு காலை

அப்பத்தாவின் கருமாதி முடிந்த மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சின்ன வயதில் அப்பத்தா ஒரு பொட்டலைப் பற்றிச் சொல்லும். குரங்குப்பட்டடை என்று அதற்குப் பெயர். "அந்தக் காலத்துல மனுசருக்குச் சாவே வராதுடா. வயசாக வயசாக ஒடுங்கிச் சின்னதாப் போயிருவாக. அவுகள மதமதக்கத் தாழிக்குள்ள உக்கார வச்சு, சோறும் தண்ணியும் வச்சு, வெளக்கேத்தி, மூடிப் பொதைச்சிருவாக" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நான் பயந்து மடியில் ஒட்டிக்கொள்வேன். அந்தப் பொட்டலை நேரில் பார்க்காமலே முப்பது வயது தாண்டிவிட்டது.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலை. கானாடுகாத்தான் விலக்கில் அந்நேரத்துக்கே ஒரு சுற்றுலா வேன் திரும்பிக்கொண்டிருந்தது. செட்டிநாடு என்றால் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளமும்தான் ஊருக்குத் தெரியும். நல்ல வீடுகள்தான், நானும் ஆசையாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதே மண்ணில் ஈராயிரம் ஆண்டுக்கும் முன்னால் செத்தவர்களுக்குக் கல்லிலே வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது பக்கத்து ஊர்க்காரருக்கே தெரியவில்லை. 1687இல் கட்டிய திருமயம் கோட்டை தூரத்தில் தெரிந்ததும் வண்டியை மண்பாதையில் திருப்பினேன். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு பக்கம் தைலமரக் காடு, ஒரு பக்கம் வற்றிய கண்மாய். நடுவில் கெட்டியான செம்மண் பொட்டல். முதலில் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, குரங்குப்பட்டடைன்னு இங்க..."

"நிக்கிறதே அதுலதானே தம்பி. காலுக்குக் கீழ பாருங்க."

குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத செம்புராங்கற்கள், வரிசையாக, மெல்ல வளைந்து போயின. சுற்றி வந்து எண்ணினேன். இருபத்தியொன்று. இரண்டு இடத்தில் கல் இல்லாமல் பள்ளம் மட்டும் இருந்தது. குறுக்கே நடந்தால் ஒன்பது எட்டு. ஒவ்வொரு கல்லும் புற்று மாதிரித் துளைத்துளையாக, துளைக்குள் வெள்ளையும் சாம்பலுமாகப் பாசி படர்ந்து கிடந்தது. கையை வைத்தால் இரவுக் குளிர் இன்னும் இறங்காமல் இருந்தது.

வட்டத்தின் நடுவே ஒரு கருங்கல் பலகையின் விளிம்பு மண்ணுக்கு மேல் நான்கு விரல் அளவுக்குத் தெரிந்தது. இதைத்தான் பதுக்கை என்பார்கள். குழி வெட்டி, நான்கு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, ஒன்றை ஒன்று சாயாமல் தாங்கும்படி முட்டுக் கொடுத்து, மேலே மூடுகல் போட்டு, அதன்மேல் கல்லும் மண்ணும் குவித்து, சுற்றிலும் வட்டம் வைப்பார்கள். சில பதுக்கைகளில் ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாகத் துளையும் இருக்கும். சில வட்டங்களுக்குள் பதுக்கைக்குப் பதிலாகத் தாழி இருக்கும். சித்தன்னவாசல் மலைக்குப் போகிற பாதையோரத்தில் இப்படிப்பட்ட வட்டங்களைத் தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருக்கிறது. அங்கே போனால் யாரும் பார்க்கலாம். தாழி பார்க்க வேண்டுமென்றால் திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகம் போதும்.

இவற்றுள் பலவற்றில் முழு உடம்பை வைப்பதில்லை. உடம்பு வேறெங்கோ அழிந்தபிறகு எலும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். இதைப் பல வருடத்துக்கு முன்பே படித்திருக்கிறேன், படித்ததோடு சரி. இந்த முறை அந்தப் பலகைக்கல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் காடாத்து அன்றைய காலை கண்ணுக்கு முன்னால் வந்தது. சாம்பலில் பால் தெளித்துவிட்டு அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலிலிருந்து தலைவரைக்கும் முறையாக எலும்பைப் பொறுக்கி ஒரு சின்னக் கலயத்தில் போட்டார். ஒவ்வொன்றையும் போடும்போது சத்தம் வராமல் மெதுவாக வைத்தார். அதே வேலையைத்தான் இங்கே யாரோ ஒரு மகன் செய்திருக்கிறான்.

புறநானூற்றில் கணவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவரிடம், எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து தா என்று கேட்கிறாள். தன்னை வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லி என்கிறாள். பள்ளிக்கூடத்தில் உவமை அணிக்காகப் படித்த பாட்டு அது. அந்தப் பொட்டலில் அது பாட்டாகவே இல்லை.

வட்டத்துக்கு வெளியே மழைநீர் அரித்த ஓடையில் ஒரு பானை ஓடு கிடந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும். வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கம் நல்ல கறுப்பு. பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால் உள்ளே காற்றுப் போகாது, அதனால் கறுக்கும். வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். ஓரத்தில் விரல் ஓட்டினேன், இன்னும் வழவழப்பு மிச்சம் இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அடுத்த வட்டத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நடுவில் ஆள் உயரத்துக்குக் குழி. மூடுகல் இரண்டாக உடைந்து கிடந்தது. "பொதையல் இருக்குன்னு ராத்திரியில வந்து தோண்டிட்டுப் போறாங்ய" என்றார் பெரியவர். இந்தக் குழிகளில் இருப்பது துருப்பிடித்த கத்தி, ஈட்டிமுனை, கலயம், சில நேரம் நாலைந்து மணிகள். எலும்புத்தூளைக் கிளறிப் போட்டுவிட்டு வெறுங்கையோடுதான் போயிருப்பார்கள். மேற்குப் பக்கம் இன்னும் மோசம். கிராவலுக்காக ஜேசிபி வைத்து வாரிய பள்ளம், அதன் கரையில் பாதி வட்டம் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஊர்ப் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். பெயரைப் போட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தோண்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். படங்களையும் வழியையும் தொல்லியல் துறைக்கு மனுவாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கிளம்பும்போது பெரியவர் துண்டிலிருந்து பனங்கிழங்கு எடுத்துக் கொடுத்தார். "எங்க ஆளுக இந்தக் கல்லு மேல உக்கார மாட்டோம் தம்பி. ஆடு ஏறுனாக்கூட வெரட்டி விட்டுருவோம்" என்றார். நான் சட்டென்று எழுந்து நின்றேன். "உங்களச் சொல்லல, நீங்க துட்டிக்கு வந்தவுக மாதிரில்ல உக்காந்திருந்தீக" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் இருந்தார். மொட்டைத்தலையில் துண்டு போட்டிருந்தார்.

"எங்கடா போன? காலெல்லாம் செம்மண்ணு."

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஆத்தா சொல்லுமே, அந்த எடமா?"

"ஆமாப்பா."

"நாளைக்குக் காலையில என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.