நாற்பதுக்கு மேல் தமிழ் எழுத்து படித்தேன்

ரங்கூனில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. 1960-களில் பர்மாவை ஆண்ட நே வின்னின் ராணுவ அரசு தனியார் பள்ளிகளை அரசுடைமை ஆக்கியபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அப்புறம் தமிழைக் காப்பாற்றியவை கோயில் வகுப்புகளும் சில வீடுகளும்தான். நான் பத்தாவது வரை படித்தது பர்மிய வழியில். கோயிலில் பாடும் பாட்டைக்கூடப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுவேன். அந்த எழுத்தில் ழகரத்துக்கு இடமே இல்லை. பாட்டு வாயில் வந்தது, பொருள் கைக்கு வரவில்லை. அதுதான் நாற்பதைத் தாண்டியும் என்னை மாலை வகுப்புக்கு இழுத்துப் போனது.

முதலில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அம்மா, ஆடு, இலை என்று எழுதினோம். பெரியவர்கள் பாதிப் பேர் அதோடு நின்றுவிட்டார்கள். தமிழ், பர்மிய எழுத்து இரண்டும் தெரிந்த வயதான சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்) ஒருவர் எங்களைத் தனியாக உட்காரவைத்த பிறகுதான் வழி திறந்தது.

அவர் பலகையில் பர்மிய நெடுங்கணக்கின் முதல் வரிசையை எழுதினார். க, அதன் மூச்சொலி (kha), அதன் மெல்லொலி (ga) என்று போய் ஙவில் முடியும் ஐந்து எழுத்து. நடுவில் இருந்த மூன்றையும் அடித்தார். மிஞ்சிய இரண்டுக்கும் கீழே க, ங என்று தமிழில் எழுதினார். அடுத்த வரிசையில் ச, ஞ. அப்புறம் ட, ண, த, ந, ப, ம. ஒரே மாலையில் பத்து எழுத்து, அதுவும் எங்களுக்குச் சிறு வயதிலேயே மனப்பாடமான அதே வரிசையில்! இரண்டு எழுத்துக்கும் மூலம் பிராமி என்ற பழைய எழுத்து என்று அவர் அன்று சொன்னது எனக்குப் பெரிய தெம்பு.

கெ, கே எழுதும்போது கொம்பு முன்னால் வருவது மற்றவர்களுக்குக் குழப்பமாம். எங்களுக்கு இல்லை. பர்மிய மொழியிலும் ‘ஏ’ ஒலிக்கான குறி எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியும் அப்படியே. அங்கே அதே இடத்தில் ஒரு சிறு வளைவு, அதே வேலை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பர்மிய மொழியிலும் ‘ந’ ஒலிக்கு இரண்டு எழுத்து எழுதுகிறோம், ஆனால் ஒரே மாதிரி உச்சரிக்கிறோம். அதனால் ந, ன, ண எங்கே எது என்று காது சொல்லித் தரவில்லை. அதைக் கண்தான் பழகவேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் பார்த்து எழுதுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

எழுத்து கூட்டிப் படிக்க வந்த பிறகு இன்னொரு சுவர். வீட்டில் ‘போனேன்’, புத்தகத்தில் ‘சென்றேன்’. சிலர் இது நம் தமிழே இல்லை என்று சோர்ந்தார்கள். சயா அதற்கும் பர்மிய மொழியையே எடுத்தார். பேசும்போது ‘தே’ என்று முடிக்கும் வாக்கியத்தை எழுதும்போது ‘தி’ என்று முடிக்கிறோமே, அதற்காக யாராவது பர்மிய பேப்பரை மூடிவைத்தோமா என்று கேட்டார். சரிதானே!

வயதானவர்களுக்குச் சொல்லித்தரும் எவரும் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏற்கெனவே ஒரு எழுத்தில் கணக்கும் கடிதமும் எழுதிப் பழகியவரிடம், ஒன்றும் தெரியாதவரிடம் தொடங்குவதுபோல் தொடங்கக்கூடாது. அவருக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் எழுதிக் காட்டினாலே பாதித் தூரம் குறைந்துவிடும்.

இப்போது சயாவுக்குத் துணையாக நானும் பெரியவர்கள் வகுப்பில் நிற்கிறேன். நடுவில் மூன்றை அடிக்கும் அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். பாட்டுகளைத் தமிழிலேயே பார்த்துப் பாடுகிறேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்ததும் அதைத் தொடங்கலாம் என்று சயா சொல்லியிருக்கிறார்.