ஒரு நாள் பார்க், ஒரு நாள் கார்

நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம். அத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் என் கையால் பெட்ரோல் போட்டதில்லை. சோம்பேறித்தனம் இல்லை, சட்டமே அப்படி. அமெரிக்காவிலேயே இந்த ஒரு மாநிலத்தில்தான் பங்க்கில் ஆள் வந்து போட்டுவிட வேண்டும். கண்ணாடியை இறக்கி "ஃபுல்" என்று சொல்லிக் கார்டை நீட்டிப் பழகியவன், டிசம்பர் கடைசி வாரம் ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோவுக்குப் பக்கத்திலிருக்கும் கிஸ்ஸிமியில், ஒரு பங்க்கில் காரை நிறுத்திவிட்டு யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணு, இங்க யாரும் வர்ற மாதிரி தெரியலையே" என்றார் அப்பா.

அப்பா முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரூட். வாடகைக் காரில் டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று நான் இரண்டு தடவை சுற்றி வந்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே டேஷ்போர்டைக் காட்டினார். பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி. அது காட்டும் பக்கம்தான் மூடி. இத்தனை நாளாக அது என் கண்ணில் படவே இல்லை. கார்டைச் செருகினால் மெஷின் ஜிப் கோடு, அதாவது நம்ம ஊர் பின்கோடு மாதிரி ஒன்று, கேட்டது. எங்கள் வீட்டு ஜிப் கோடு சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பின் சீட்டிலிருந்து எட்டு வயது மகள் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். மகளுக்கு டிஸ்னி வேர்ல்டு பார்க்க வேண்டும். மொத்தம் ஐந்து பேர், ஏழு நாள். ஆனால் பார்க் டிக்கெட் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே நூறு டாலருக்கு மேல். கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னும் எகிறும். அம்மா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நானும் அப்பாவும் வீட்டுலயே இருந்துக்கறோம்" என்று ஆரம்பித்துவிட்டார். உண்மையில் பணம் மட்டும் காரணமில்லை. முதல் நாள் பார்க்கில் பத்து மைல் நடந்ததுபோல் இருந்தது என்றார். மூட்டுவலிக்காரருக்கு அது பொய்யில்லை. அதனால் என் மனைவி ஒரு திட்டம் போட்டாள். ஒரு நாள் பார்க், ஒரு நாள் கார். பார்க் நாளில் அவளும் மகளும் மட்டும். கார் நாளில் எல்லோரும்.

தங்கியது 192 நெடுஞ்சாலையை ஒட்டி, சமையலறை உள்ள ஒரு வாடகை வீட்டில். டே ட்ரிப் போகிறவர்களுக்கு ஹோட்டல் அறையைவிட இது எவ்வளவோ மேல். காலை ஐந்தரைக்கு அம்மா புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிவிடுவார். டிக்கியில் ஒரு கூலர், ஒரு பெட்ஷீட். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது என்ற தலைவலியே இல்லை.

நான் முதலில் செய்த தப்பு, மேப்பில் மைலைப் பார்த்துத் திட்டம் போட்டது. ஆர்லாண்டோவைச் சுற்றி மைலைப் பார்த்துப் பிரயோஜனமில்லை; ஐ-4 சாலையில் எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்க்க வேண்டும். டாம்பாவிலிருந்து டேடோனா பீச் வரை 132 மைல் ஓடும் அந்த ரோட்டில்தான் பார்க்குக்குப் போகிறவன், வேலைக்குப் போகிறவன், லாரிக்காரன் எல்லோரும். காலை ஏழுக்கு முன்னால் கிளம்பினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒன்பதுக்குக் கிளம்பினால் டிஸ்னிக்குத் திரும்பும் எக்ஸிட்களைத் தாண்டுவதற்குள் புளியோதரை காலியாகிவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பலகையில் 'ஈஸ்ட்' என்று போட்டிருக்கும், ஆனால் ஊருக்குள் ரோடு போவதோ பெரும்பாலும் வடக்கே. அப்பா இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "கிழக்குன்னு எழுதியிருக்கான், சூரியன் வலது கைப்பக்கம் அடிக்குதே?" அவர் ஜிபிஎஸ்ஸை நம்புகிற ஆளில்லை.

ஐ-4ஐத் தவிர்க்க 417, 429, 528 என்று சுங்கச் சாலைகள் இருக்கின்றன. காசு போனாலும் நேரம் மிச்சம். ஆனால் வாடகைக் காரில் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் பெட்டி திறந்திருந்தால், ஒரே ஒரு டோலைத் தாண்டினாலும் போதும்; டோல் காசோடு, கார் வைத்திருந்த ஏழு நாளுக்கும் தினக் கட்டணம் போட்டார்கள். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததுதான், படிக்காதது என் தப்பு. நியூ ஜெர்சியில் என் காரில் ஒட்டியிருக்கும் டோல் பாஸ், ஈ-ஸீபாஸ், ஃப்ளோரிடா சுங்கச் சாலைகளிலும் செல்லும் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கழற்றி எடுத்துப் போய், வாடகைக் காரின் நம்பரைக் கணக்கில் சேர்த்து, காரில் இருக்கும் பெட்டியை மூடி வைத்திருந்தால் வேலை முடிந்தது. பாஸ் இல்லாதவர்களுக்கு ஆர்லாண்டோ விமான நிலையத்திலேயே விசிட்டர் டோல் பாஸ் என்று ஒன்று தருகிறார்கள்.

எங்கே போவது? அலுவலக நண்பர் ஒருவர், "அப்படியே மயாமி போயிட்டு வந்துடுங்க" என்றார். போக மட்டும் 230 மைலுக்கு மேல், நாலு மணி நேரம். அது ட்ரிப் இல்லை, தண்டனை. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது என்று கோடு போட்டேன். 1565-ல் ஸ்பெயின்காரர்கள் உண்டாக்கிய செயின்ட் அகஸ்டின் நகரம் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது. அங்கே சிப்பிக் கல்லால் கட்டிய கோட்டை, பீரங்கிக் குண்டு பட்டால் உடையாமல் உள்வாங்கிக்கொள்ளுமாம். இன்னும் மனசு அடங்கவில்லை.

முதல் கார் நாள், கென்னடி விண்வெளி மையம். 528-ல் கிழக்கே ஒரு மணி நேரம். வழியெல்லாம் சதுப்பு நிலம், பனை மாதிரி குட்டை மரங்கள். நான் 65 மைல் வேகத்தில் போனால் அப்பாவின் வலது கால் கீழே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். "முன்னால போறவனை விட்டுத் தள்ளியே போ" என்பார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, யோசனையாக, "இங்க ஹார்ன் எதுக்குத்தான் வச்சிருக்கான்?"

வந்தவுடன் முதலில் பஸ் டூரைப் பிடித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அந்த பஸ்தான் நிலாவுக்கு ஆளை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுபோகும். 363 அடி நீளத்தைப் படுக்க வைத்த மாதிரி தலைக்கு மேலே நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் ஐந்து எஞ்சின்கள், ஒவ்வொன்றின் வாயும் ஒரு அறை மாதிரி. அப்பா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். 1969-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஆள் நிலாவில் இறங்கியதை டீக்கடை ரேடியோவில் கேட்டாராம். கடைக்காரர் நம்பவில்லையாம். இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், "மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்றார். முதல் அடுக்கு மட்டும் சுமார் 2,000 டன் எரிபொருளை இரண்டரை நிமிடத்தில் குடித்துத் தீர்த்துவிடும் என்று படித்துச் சொன்னேன். "நம்ம டிப்போவா இருந்தா மெமோ குடுத்திருப்பான்."

அன்றைக்கே கோகோ பீச்சையும் சேர்த்துக்கொண்டது பேராசை. போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் போய்விடுகிறது. அம்மா மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அட்லாண்டிக்கில் கால் நனைத்தார். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும் என்று அன்று காரில் ஏகமனதாகத் தீர்மானம்.

இரண்டாவது, ப்ளூ ஸ்ப்ரிங் ஸ்டேட் பார்க், ஒரு இயற்கை ஊற்று இருக்கும் இடம். இதற்கு ஐ-4ல் ஊரையே கடந்து போக வேண்டும், அதனால் விடியுமுன் கிளம்பினோம். குளிர்காலத்தில் எட்டு மணிக்குக் கேட் திறக்கும். இடம் நிறைந்ததும் மூடிவிடுவார்கள். நாங்கள் ஏழே முக்காலுக்குப் போனபோதே முன்னால் நீளமான வரிசை. ஒரு காருக்கு ஆறு டாலர், ஐந்து பேருக்கும் சேர்த்து. டிஸ்னி டிக்கெட்டை நினைத்து அம்மா சிரித்தார்.

அங்கே பார்க்க வேண்டியது மனாட்டி. நம் பாக் நீரிணையில் இருக்கிறதே ஆவுளியா, கடற்பசு, அதற்குச் சொந்தம். இதற்கு வால் மட்டும் வட்டமான துடுப்பு. ஆற்றுத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தாங்காது. ஊற்று நீரோ வருடம் முழுக்க 22, 23 டிகிரி. அதனால் செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலிருந்து கூட்டம் கூட்டமாக ஊற்றுக்குள் ஒதுங்கிவிடும். குளிர் அதிகமான காலையில் போனால் எண்ணிக்கையும் அதிகம். மரப்பாலத்திலிருந்து கீழே பார்த்தால் கண்ணாடித் தண்ணீரில் சாம்பல் நிறப் பாறைகள். பாறை மெதுவாக மேலே வந்து 'புஸ்' என்று மூச்சு விட்டுத் திரும்ப இறங்கும். மகள் அரை மணி நேரம் போன் கேட்கவில்லை.

மூன்றாவது, லேக் வேல்ஸில் உள்ள பாக் டவர் கார்டன்ஸ். ஐ-4 பக்கமே போக வேண்டாம், 27-ம் எண் சாலையில் தெற்கே போனால் போதும். நெதர்லாந்திலிருந்து ஆறு வயதில் வந்து, பத்திரிகை ஆசிரியராகிப் பேர் வாங்கிய எட்வர்ட் பாக் என்பவர் இந்த நாட்டு மக்களுக்கென்று கொடுத்த தோட்டம், நடுவே 205 அடி மணிக்கூண்டு. 1929-ல் ஜனாதிபதி கூலிட்ஜ் வந்து திறந்து வைத்தார். 60 மணிகளையும் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது மதியத்தில் தோட்டம் முழுக்கக் கேட்டது. அந்த இடத்துக்குப் பெயர் அயர்ன் மவுன்டன். உயரம் 300 அடிகூட இல்லை, ஆனால் ஃப்ளோரிடா தீபகற்பத்தில் மிக உயரமான இடங்களில் அதுவும் ஒன்று.

"இது மலையா?" என்றார் ஊட்டி ரூட் டிரைவர்.

கடைசி நாள், காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டேங்க்கை நிரப்ப வேண்டும். விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பங்க். இந்தத் தடவை அம்புக்குறி பார்த்துச் சரியான பக்கம் நிறுத்தினேன். அப்பா இறங்கி வந்து நாஸிலை வாங்கிக்கொண்டார். நான் கார்டு போட்டேன், ஜிப் கோடு போட்டேன். அவர் அசையாமல் பிடித்திருந்தார். டக்கென்று நின்றதும் மாட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஜீரோ பாத்தியா கண்ணு?"