ரியாத்தில் மஞ்சளா, நீலமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து ரியாத் வரும் பையன்கள் ரொனால்டோவின் ஊருக்கே போவதாக நினைத்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். உலகத்துக்கு அவர் ராஜா. ரியாத்தில் அவர் நஸ்ர் கிளப்புக்கு ஆடும் ஒரு கட்சிக்காரர், அவ்வளவுதான். எதிர்க்கட்சியான நீல நிற ஹிலால் கிளப் 2025 வரை 19 சவூதி லீக் பட்டங்கள் வென்றிருந்தது. மஞ்சள் நஸ்ரோ, அவர் வருவதற்கு முன் கடைசியாக லீக் வென்றது 2018-19-ல். மேலாளர் எந்தக் கட்சி என்று தெரியாமல் மஞ்சள் ஜெர்ஸியோடு வேலைக்குப் போனால் நாள் முழுக்கக் கிண்டல்தான்.

சாப்பாட்டு மெஸ்ஸில் மலையாளிகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். "35 கோல் அடிச்சவருக்குக் கப்பு எங்கே காக்கா?" என்பார்கள். கேள்வி நியாயமானது. 2023-24-ல் அவர் அடித்த 35 கோல் லீக் சாதனை. அதே சீசனில் ஹிலால் 34 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மறு சீசனில் 25 கோலோடு மறுபடியும் அவரே முதலிடம், பட்டமோ 21 கோல் அடித்த பென்சிமாவின் ஜித்தா இத்திஹாதுக்கு. காரணம் எளிது. ஹிலால் கோல்கீப்பர் போனோ, தடுப்பில் கூலிபாலி, நடுவில் நெவஸ் என்று முதுகெலும்பு முழுவதையும் வாங்கியது. கோல் அடிக்க மித்ரோவிச், அவர் கணக்கு 28. நஸ்ர் முன்னால் அடித்ததைப் பின்னால் விட்டது. 2023 அரபு கிளப் கோப்பை இறுதியில் ரொனால்டோவின் இரண்டு கோல்தான் ஹிலாலை 2-1 என்று சாய்த்தது. அதைச் சொன்னால் ஹிலால்காரர்கள் காதில் விழாததுபோல் இருப்பார்கள். நெய்மர் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் வந்தார், அக்டோபரில் பிரேசிலுக்கு ஆடும்போது முழங்கால் போனது. 7 ஆட்டம், 1 கோல், 2025 ஜனவரியில் கிளம்பிவிட்டார்.

பெயருக்கு ரொனால்டோ, பட்டத்துக்கு பென்சிமா. 2025 வரையிலான சவூதி கணக்கை அப்படித்தான் எழுத வேண்டும்.

நேரில் பார்க்க ஆசையா? டிக்கெட் போனில்தான் எடுக்க வேண்டும். ஹிலால்-நஸ்ர் ஆட்டத்துக்கு விற்பனை திறந்தவுடன் எடுங்கள், சின்ன அணி வரும் நாளில் சுலபமாகக் கிடைக்கும். கோல் போஸ்டுக்குப் பின்னால் மேளக்கூட்டம், உட்காரவே முடியாது. பக்கவாட்டு இருக்கை நல்லது. நஸ்ரின் மைதானம் கிங் சவூத் பல்கலைக்கழக வளாகத்தில். மெட்ரோ சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமும் அந்தப் பெயர்தான், ஆனால் வளாகம் பெரிது, நடக்க நேரம் வையுங்கள். இஷா (இரவுத் தொழுகை) முடிந்த பிறகு தொடங்கும் ஆட்டம் முடிய பதினொன்று ஆகலாம். கடைசி வண்டியை முன்பே பார்த்துக்கொள்ளாவிட்டால் டிக்கெட்டை விட டாக்ஸிக்கு அதிகம் போகும். ஊரில் அப்போது இரண்டரை மணி நேரம் கூடுதல். வீடியோ காலில் தம்பியை எழுப்பினால் வாப்பாவிடம் திட்டு உங்களுக்குத்தான்.

ஊருக்கு அனுப்பும் 7-ஆம் நம்பர் ஜெர்ஸியை ரியாத்தின் பத்தா கடைவீதியில் வாங்கினால் எண்ணின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். ஒட்டு தூக்கினால் இரண்டு துவைப்புக்குத் தாங்காது. உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைக்கச் சொல்லுங்கள். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் 7 உருகிப் பெட்டியோடு வந்துவிடும்.