ஆழம் பாதி வேலை, அழுக்கு மீதி வேலை

கரும்பொருள் (ஒளியே தராத, அண்டத்தில் பெருமளவு இருப்பதாகக் கருதப்படும் பொருள்) மோதுவதைப் பிடிக்கும் உணர்கருவியை ஏன் தரைக்கடியில் வைக்கிறார்கள் என்றால், காஸ்மிக் கதிரிலிருந்து தப்பிக்க என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தரைமட்டத்தில் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூயான் (காஸ்மிக் கதிரால் உண்டாகும் துகள்) போகிறது. அதைப் பாறைதான் வடிகட்ட வேண்டும். பெங்களூருக்குப் பக்கத்துக் கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கத்தில், சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை (காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் துகளை) பிடித்தார்கள். அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இப்போது நம் நாட்டில் இந்த வேலைக்கு இருப்பது ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் உள்ள ஆய்வகம்.

ஆனால் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து வருவதல்ல, நாம் கையோடு கொண்டுபோகும் கதிரியக்க அழுக்கு. மோதலை உணரும் ஒரு கிலோ ஜெர்மானியப் படிகத்துக்குக் கவசப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் தப்பு பெங்களூர்த் தொழிற்பேட்டை பீன்யாவில் ஏதாவதொரு வெல்டிங் பட்டறையிலேயே நடந்துவிடும். டிக் வெல்டிங்குக்கு (டங்ஸ்டன் கம்பியால் மின்பொறி எழுப்பும் வெல்டிங்) வழக்கமாக எடுக்கும் சிவப்பு முனைக் கம்பியில் 2% கதிரியக்கத் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. ஒரே ஒரு தையலில் ஒட்டும் துணுக்கு போதும், பிறகு எத்தனை அடுக்கு ஈயம் வைத்தும் பயனில்லை. அழுக்கு கவசத்துக்கு உள்ளேயே இருக்கிறதே! தங்க நிற முனையுள்ள லாந்தனக் கம்பியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பட்டறைக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது.

உள்சுவருக்கு ஆக்சிஜன் நீக்கிய செம்பு, 5 செ.மீ. தடிமன். கடைந்து முடித்த செம்பை விமானத்தில் அனுப்பாதீர்கள். அந்த உயரத்தில் காஸ்மிக் நியூட்ரான் பல நூறு மடங்கு. செம்புக்குள் கதிரியக்கக் கோபால்ட்-60 உண்டாகும், அது பாதியாகக் குறையவே 5.3 ஆண்டு. லாரியே நல்லது, கடைந்த பிறகு தரைமேல் கிடக்கும் நாளையும் குறையுங்கள். கழுவ, அயனி நீக்கிய நீரில் 1% கந்தக அமிலமும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடும். பிறகு 1% சிட்ரிக் அமிலத்தில் முக்கி எடுத்தால் மேற்பரப்பு கறுக்காது. இதில் ஒரு கண்ணி உண்டு. இந்தக் கழுவல் மேற்பரப்பில் படிந்த கதிரியக்க ஈயம்-210ஐ நன்றாக எடுக்கிறது, பொலோனியம்-210 மட்டும் கரைசலிலிருந்து திரும்பி வந்து செம்பிலேயே ஒட்டுகிறது. அதை விரட்ட மின்மெருகேற்றம்தான் (கரைசலில் மின்சாரம் பாய்ச்சி மேல்தோலைக் கரைப்பது) வழி.

டெஃப்லான் இன்னும் மோசம். தேய்த்தால் எதிர்மின் ஏறும். பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் சிதைந்து பிறக்கும் வாரிசுகள் பெரும்பாலும் நேர்மின் கொண்டவை, ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள், டெஃப்லானின் ஃபுளோரினில் மோதி நியூட்ரானைத் தள்ளும். நியூட்ரான் மோதல் அச்சு அசலாகக் கரும்பொருள் மோதல் போலவே தெரியும். பாகங்களை நைலான் பையில் மூன்று அடுக்காகச் சுற்றி, ஆய்வக வாசலில் ஒன்று, தூய்மை அறையில் ஒன்று, கையுறைப் பெட்டிக்குள் ஒன்று என உரியுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், ரேடான் அதை ஊடுருவும்.

ஈயக் கணக்கு எளிது. உள்ளளவு 50 செ.மீ. கனசதுரம், சுற்றிலும் 20 செ.மீ. ஈயம் என்றால் 0.604 கன மீட்டர், 6.85 டன். 5×10×20 செ.மீ. கட்டி ஒன்று 11.3 கிலோ, 604 கட்டிகள். ஆளையும் சரக்கையும் இறக்கும் சுரங்கக் கூண்டின் சுமை எல்லையை முதலில் கேளுங்கள். இணைப்புகள் ஒரே கோட்டில் வரக்கூடாது, செங்கல் கட்டுவதுபோல மாற்றி அடுக்கணும். உள்ளடுக்குக்குப் பழைய ஈயம் தேடுங்கள். புதியதில் ஈயம்-210 இருக்கும், அரையாயுள் 22 ஆண்டு. ஈயத்துக்கு வெளியே பாலி எத்திலீன், பாறையிலிருந்து வரும் நியூட்ரானுக்கு.

பிறகு ரேடான். பெங்களூர் வீட்டுக் கிரானைட் தரையிலிருந்தே கசிவது, யுரேனியச் சுரங்கத்தில் கேட்கவா வேண்டும்? அதை வெளியே தள்ள, உள்ளிடத்தில் திரவ நைட்ரஜன் ஆவியை நிமிடத்துக்கு 5 லிட்டர் விடுங்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாகும், ஆகவே நாளைக்கு 10.4 லிட்டர் திரவம், திரவம் வைத்திருக்கும் கலத்தின் ஆவியிழப்பு தனி. செம்புச் சுவர் போக உள்ளிடம் 64 லிட்டர்தான். ஐந்து மடங்கு வாயு போனால் பழைய காற்று 1 சதவீதத்துக்கும் கீழே. காற்றோட்டம் குறைந்த மூலையில் நைட்ரஜன் சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும், எச்சரிக்கை எதுவும் இருக்காது. ஆக்சிஜன் 19.5%க்குக் கீழே போனால் அலறும் மானி கட்டாயம்.

கலம் மாற்றும்போது ஓட்டம் நின்று வெளிக்காற்று புகும். ரேடானைத் துரத்திவிட்டாலும் அதன் வாரிசுகளான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் கொஞ்ச நேரம் மிஞ்சும்; அரையாயுள் முறையே 27, 20 நிமிடம். ஓட்டம் சீரான பிறகும் நான்கு மணி நேரத் தரவைத் தள்ளிவிடுங்கள். இரண்டு கலங்களை ஒரு மூவழி வால்வில் இணைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது, ஏனோ பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.