டொமைனை மாற்றினேன், மின்னஞ்சல் நின்றது

ஒன்பது வருடமாக ஒரே ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனம்) இருந்த என் டாட் காம் டொமைனை ஒருவழியாக வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தொடங்கும் முன்பே முதல் தவறு நடந்துவிட்டது. உரிமையாளர் விவரத்தில் நான் எப்போதாவது திறக்கும் பழைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. விவரமெல்லாம் சரியாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு, என் டொமைன் பெயரிலேயே உள்ள முகவரியைப் போட்டேன். மறுநாள் மாற்றக் கேட்டால் முடியாது என்கிறது. உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினால் 60 நாள் பூட்டு விழும். அது டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான ஐகேனின் விதி. பூட்டு வேண்டாம் என்று சொல்ல அந்தப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. உதவி மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அதே பத்தியை ஒட்டி அனுப்பினார்கள். டொமைனை மாற்றப் போகிறீர்கள் என்றால் விவரங்களில் கை வைக்காதீர்கள். மாற்றி முடித்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.

60 நாள் கழிந்ததும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை வாங்கி, பழைய இடத்தில் ஒப்புதலும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மாறிவிட்டது. ஒப்புதல் கொடுக்காவிட்டால் 5 நாள் காத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் பெரிய அடி. டொமைனின் ஐபி முகவரி எது என்று பதில் சொல்லும் நேம்சர்வரையும் புதிய இடத்துக்கு மாற்றினேன். என் கைபேசியில் தளம் திறந்தது, வீட்டு இணைப்பில் திறக்கவில்லை. நண்பர்களிலும் பாதிப் பேருக்குத் தெரிந்தது, பாதிப் பேருக்கு இல்லை. டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) மாற்றம் பரவ நேரமாகும் என்று ஒரு நாள் சும்மா இருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பழைய இடத்தில் டிஎன்எஸ்செக் போட்டிருந்தேன், அதாவது டிஎன்எஸ் பதில்கள் போலி அல்ல என்று காட்டும் கையொப்பம். இந்த டொமைனில் கையொப்பம் உண்டு என்று சொல்லும் அதன் டிஎஸ் ரெக்கார்டு டாட் காம் பதிவகத்தில் அப்படியே இருந்தது, புதிய நேம்சர்வரிலோ கையொப்பமே இல்லை. நமக்காக முகவரியைத் தேடித் தரும் சர்வர்களான ரிசால்வர்களில் கையொப்பத்தைச் சரிபார்ப்பவை தளத்தை மறுத்தன, சரிபார்க்காதவை திறந்துவிட்டன. டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளையில், கூகுளின் ரிசால்வரான 8.8.8.8-ஐக் கேட்டால் 'சர்வ்ஃபெயில்' (பதில் தர முடியவில்லை) என்றது. சரிபார்ப்பை நிறுத்தும் 'சிடி' கொடியோடு கேட்டதும் ஐபி முகவரி வந்தது. இப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம், சிக்கல் டிஎன்எஸ்செக்கில்தான்.

டிஎஸ் ரெக்கார்டை நீக்கப் புதிய ரெஜிஸ்ட்ராரிடம் போனால், உள்ளே நுழைய ஓடிபி மின்னஞ்சலுக்கு வரும் என்கிறது. எந்த மின்னஞ்சல்? அதே டொமைனில் உள்ளது, இதே சிக்கலால் நின்றுபோனது! கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, பழைய மடிக்கணினியில் கணக்கு திறந்தே இருந்தது. அதிலும் நீக்கும் பொத்தான் இல்லை, உதவி மையம்தான் செய்ய வேண்டுமாம். முதலில் பேசியவர் பிரவுசர் கேஷை அழிக்கச் சொன்னார். டிக் வெளியீட்டை அப்படியே ஒட்டி, 'டிஎஸ் ரெக்கார்டை நீக்குங்கள்' என்று ஒரே வரி எழுதினேன். அடுத்து வந்தவர் பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார். ரிசால்வர்கள் அந்த ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் ஆயுள் 86,400 நொடி, அதனால் எல்லோருக்கும் சரியாக இன்னும் ஒரு நாள் பிடித்தது.

நேம்சர்வரை மாற்றும் முன் டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, இரண்டு நாள் விடுங்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

தொலைந்தே போயின என்று நினைத்த கடிதங்கள் மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தற்காலிகப் பிழை என்பதால் அனுப்பிய சர்வர்கள் அவற்றை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயன்றிருக்கின்றன. மொத்தம் பதினேழு கடிதங்கள், அவற்றின் நடுவே அந்த ஓடிபியும்.